கோலியும் வளையமும் கற்பித்த இயக்கவியல்

விசை, இயக்கம் ஆகியவற்றைச் சிறுவர்க்கு ஓடியாடும் விளையாட்டின் வழியாகவே கற்பிக்கலாம் என்னும் கருத்து, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் ஐரோப்பியக் கல்விச் சிந்தனையில் வேரூன்றத் தொடங்கியது. மரியா எட்ஜ்வொர்த்தும் அவர் தந்தை ரிச்சர்ட் லவல் எட்ஜ்வொர்த்தும் 1798இல் வெளியிட்ட 'நடைமுறைக் கல்வி' என்னும் நூல் பொம்மைகளைப் பற்றிய இயலோடு தொடங்குவதும், அழகுக்காக வைக்கும் பொம்மையைவிடக் குழந்தை கையாண்டு பார்க்கக்கூடிய பொருளே பயனுடையது என்று வாதிடுவதும் அதற்குச் சான்றாகும்.

இக்கருத்தை ஒரு முழு நூலாக விரித்தவர் ஜான் அயர்ட்டன் பாரிஸ் என்னும் ஆங்கில மருத்துவர். இயற்பியல் அக்காலத்தில் 'இயற்கைத் தத்துவம்' என்றே வழங்கியது. அதன் அடிப்படைகளைச் சிறுவர் விளையாட்டுகளைக் கொண்டு விளக்கும் நூலொன்றை அவர் 1827இல் தம் பெயரைக் குறிப்பிடாமல், ஜார்ஜ் குரூக்ஷாங்கின் படங்களுடன் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். விடுமுறைக்கு வீடு திரும்பும் டாம் என்னும் சிறுவனுக்கு அவன் தந்தை சீமோர் கோலி, பம்பரம், வளையம், பந்து, பட்டம் முதலியவற்றின் இயக்கத்தை விளக்குவதும், பழம்புலமையில் தோய்ந்த ஊர்ப் பாதிரியார் இடையிடையே குறுக்கிடுவதுமாக நூல் கதைபோல் நகர்கிறது.

விளையாட்டுப் பொருள்களை அவர் பாடமாகத் தேர்ந்ததற்குத் தக்க காரணம் உண்டு. சுண்டிவிட்ட கோலி அதே எடையுள்ள மற்றொரு கோலியை நேர்முகமாகத் தாக்கும்போது, முன்னது ஏறக்குறைய நின்றுவிட, பின்னது அதன் வேகத்தை ஏற்றுக்கொண்டு ஓடுகிறது. நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கிவரும் 'உந்தம்' என்னும் அளவு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறுவதைச் சிறுவன் கண்ணெதிரே காண்கிறான். நிறுத்திவைத்தால் உடனே சாயும் வளையம், குச்சியால் தட்டி ஓட்டும்போது விழாமல் ஓடுவதும், வேகம் குறைந்து ஒருபக்கம் சாயும்போது அப்பக்கமே வளைந்து திரும்புவதும், அதன் பின்னே ஓடுபவன் கால்கள் முதலில் அறிந்துகொள்ளும் செய்திகள். புறவிசை தாக்காத வரையில் பொருள் தன் நிலையை மாற்றிக்கொள்ளாத இயல்பாகிய 'நிலைமம்' என்பதன் இலக்கணத்தை அவன் கேட்பது அதன் பிறகுதான்.

எனினும் அந்நூலில் சிறுவன் ஆடும் நேரத்தைவிடத் தந்தை பேசும் நேரமே மிகுதி. மேலும் அது ஓய்வும் தோட்டமும் புத்தகமும் வாய்த்த குடும்பங்களுக்கு உரியதாக இருந்தது. பெரும்பாலான துணி ஆலைகளில் ஒன்பது வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு வைக்கக்கூடாது என்று இங்கிலாந்து 1833இல்தான் சட்டமியற்றியது என்பதை நினைத்தால், விசையையும் வேகத்தையும் சுழலும் எந்திரங்களின் அருகில் நின்று அறிந்த சிறுவர் அக்காலத்தில் எத்தகையோர் என்பது விளங்கும்.

பேச்சைக் குறைத்துக் கைக்கு முதலிடம் தந்தவர் ஜெர்மனியின் பிரீட்ரிக் புரோபெல். 1837இல் பிளாங்கன்பர்க்கில் விளையாட்டுக் கல்விக்கென நிலையம் தொடங்கி, 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்', அதாவது குழந்தைத் தோட்டம், என்று பெயரிட்ட அவர், 'கொடைகள்' என்னும் விளையாட்டுப் பொருள்களை வரிசைப்படுத்தினார். முதற்கொடை நூலில் கட்டிய கம்பளிப் பந்து. அதைக் குழந்தை பற்றியிருக்கத் தாய் நூலை மெல்ல இழுக்கும்போது, இழுவிசை என்னும் சொல் பிறக்கும் முன்னரே இழுவை உள்ளங்கையில் உறைக்கிறது. இரண்டாம் கொடையிலுள்ள மரக் கனசதுரத்தை நூலில் தொங்கவிட்டுச் சுழற்றினால் அது உருளைபோல் தோற்றமளிக்கிறது. பிரஷ்ய அரசு 1851இல் இத்தோட்டங்களுக்குத் தடை விதித்தது. மறு ஆண்டே புரோபெல் மறைந்தார். தடை 1860இல்தான் நீங்கியது.

பாரிஸ் விளையாட்டுக்கு விளக்கம் தந்தார். புரோபெல் விளக்கத்துக்கு முன் விளையாட்டை வைத்தார். இலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு எடுத்துக்காட்டைப் பின்னர்த் தேடும் வகுப்பறை, இவ்விருவரும் காட்டிய வழியிலிருந்து இன்றும் விலகியே நிற்கிறது.