அருவி முதல் அலைபேசி வரை...

சாரல் காலம் வந்துவிட்டால் குற்றாலத்தில் கூட்டம் அலைமோதும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று எங்கு பார்த்தாலும் எண்ணெய் தேய்த்த தலைகள்தான்! அந்தக் கூட்டத்தோடு ஒரு நம்பிக்கையும் தலைமுறை தலைமுறையாக வருகிறது. அருவி தலையில் விழுந்தால் சித்தம் தெளியும் என்பதே அது. ஏறுக்குமாறாகப் பேசுபவரை "குத்தாலத்துல போய் தலையைக் காட்டு" என்று கேலி செய்வது இதனால்தான்.

சரி, சித்தம் தெளிந்ததா என்று எப்படி அளப்பது?

சென்னையில் மனநலக் காப்பகம் 1794-ல் தொடங்கியது. 1871-ல் அது கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. அந்தக் காலத்தில் காப்பகம் என்றால் பெரும்பாலும் அடைத்து வைப்பதுதான். 1890களில் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரெப்பலின், மனநோயாளிகளின் கவனத்தையும் வேகத்தையும் சோதனைகளால் அளக்க முயன்றார். சிதறிக் கிடக்கும் எண்களை வரிசையாகக் கோடு போட்டு இணைக்கும் தேர்வு, 1944-ல் அமெரிக்க ராணுவத்தின் தேர்வுத் தொகுப்பில் இடம்பெற்றது. எத்தனை நொடியில் முடிக்கிறார் என்பதே அதில் கணக்கு.

இது ஏன் முக்கியம்? மனச்சிதைவு நோய் என்றதும் காதில் குரல் கேட்பதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதை மருந்து பெரிதும் குறைக்கும். ஆனால் கவனம், ஞாபகம், திட்டமிடும் திறன் ஆகியவற்றில் ஏற்படும் குறைவு மருந்தால் அவ்வளவாகச் சரியாவதில்லை. கடையில் சில்லறை எண்ணவும், ஒரு வேலையில் நிலைக்கவும் தேவைப்படுவது அந்தத் திறன்தானே!

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் நடந்த தீ விபத்தை யாரும் மறந்திருக்க முடியாது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தனர். வீட்டுக்கு அருகில் சிகிச்சை வேண்டும் என்பதை நாட்டுக்கே உணர்த்திய துயரம் அது. சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், 2010-ல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்குப் பேருந்தில் தொலைமருத்துவத்தைக் கொண்டு சென்றது.

அடுத்த படிதான் அலைபேசி. பாஸ்டன் மருத்துவர்கள் உருவாக்கிய 'மைண்ட்லேம்ப்' செயலியில் எண் எழுதிய ரத்தினங்களை வரிசையாகத் தொட வேண்டும். 1944-ன் அதே தேர்வு, விளையாட்டு வடிவில்! பாஸ்டன், பெங்களூரு நிமான்ஸ், போபால் ஆகிய மூன்று இடங்களில் மனச்சிதைவு நோயாளிகளிடம் இந்தச் செயலியைக் கொண்டு ஆய்வு நடந்தது. நோய் திரும்புவதற்கு முன்பே அலைபேசித் தகவல்களில் வழக்கத்துக்கு மாறான போக்கு தெரிகிறது என்று 2023-ல் அதன் முடிவுகள் வெளியாயின.

குறைகளும் உண்டு. அலைபேசி பழகாதவர் மெதுவாகத் தொட்டால் அது நோயின் தாமதமா, கைப்பழக்கம் இல்லாத தாமதமா? தினசரித் தகவல்கள் யார் கைக்குப் போகும்? நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் உரிமையை 2017-ன் மனநலச் சட்டம் தருகிறது. செயலிகளும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். தவிர, அலைபேசி அளக்கத்தான் செய்யும். சிகிச்சை தர மருத்துவர் வேண்டும்.

2019-ல் தனி மாவட்டமான தென்காசியின் மலையடிவாரக் கிராமத்திலிருந்து, ஒரு சோதனைக்காகப் பெருநகரம் போவது என்றால் ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் கூலி போகும்! அந்தச் சோதனை வீட்டுத் திண்ணையிலேயே முடிந்தால் எவ்வளவு நல்லது?

அருவியில் குளிக்கட்டும், தப்பில்லை. ஆனால் தலை துவட்டியதும் மருத்துவரையும் பார்க்கட்டும்!