1774 முதல் 1974 வரை: இராணிகஞ்சு நிலக்கரியும் தாமோதரின் நீரும்

1774ஆம் ஆண்டு ஜான் சம்னர், சூட்டோனியஸ் கிராண்ட் ஹீட்லி என்னும் இருவருக்கு வங்காளத்தின் மேற்குப் பகுதியில் நிலக்கரி தோண்டக் கிழக்கிந்தியக் கம்பெனி உரிமம் அளித்தது. சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து, 1974இல், நீர் மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்திய நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலமே இராணிகஞ்சு நிலக்கரி வயலின் ஓடைகளுடைய வரலாறு.

அக்காலத்தின் தொடக்கத்தில் தாமோதர் நதி நிலக்கரிக்கு வழியாக இருந்தது. மழைக்காலத்தில் நதி பெருகும்போதுதான் கரி ஏற்றிய படகுகள் கல்கத்தாவை நோக்கி இறங்கும். கோடையில் கரி கரையிலேயே குவிந்து கிடக்கும். 1836இல் துவாரகநாத் தாகூரின் கார், தாகூர் நிறுவனம் இராணிகஞ்சு சுரங்கத்தை வாங்கியது. 1843இல் வங்காள நிலக்கரிக் கம்பெனி உருவானது. 1855இல் ஹௌராவிலிருந்து இராணிகஞ்சு வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டதும் கரிக்கு நதி தேவைப்படவில்லை. ஆனால் சுரங்கத்துக்கு நதி தேவைப்பட்டது. கரியை ஏற்றிச் சென்ற நீர்வழி, சுரங்கம் இறைத்துத் தள்ளும் நீரை வாங்கிக்கொள்ளும் வடிகாலாயிற்று.

சுரங்கத் தொழிலுக்கு நீர் எப்போதும் பகை. 1712இல் இங்கிலாந்தில் நியூகோமன் அமைத்த நீராவி எந்திரம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் நீரை இறைப்பதற்காகவே இயங்கியது. நீரை வெளியேற்றுவது எப்படி என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. வெளியேறிய நீர் எங்கே போகிறது, என்னவாகிறது என்ற கேள்வி நெடுங்காலம் எழவில்லை.

கரியின் தீங்கைக் கல்கத்தா உணரவேயில்லை என்று சொல்ல முடியாது. புகைத் தொல்லையைக் கட்டுப்படுத்த அந்நகருக்கு 1863இலேயே ஒரு சட்டம் வந்தது. 1905இல் வங்காளப் புகைத் தொல்லைச் சட்டம் வந்தது. புகை தலைநகரின் மாடங்களில் படிந்தது. சுரங்க நீர் தொலைவிலிருந்த கிராமங்களின் ஓடைகளில் கலந்தது. முன்னதற்கு 1863, பின்னதற்கு 1974. இடைப்பட்ட நூற்றுப் பதினொரு ஆண்டுகளை அறிவியலின் வளர்ச்சியை மட்டும் கொண்டு விளக்கிவிட முடியாது. யாருடைய துன்பம் ஆட்சியின் கண்ணில் பட்டது என்பதையும் அவை காட்டுகின்றன.

இனி நீரின் தன்மைக்கு வருவோம். கரியோடும் பாறையோடும் கலந்திருக்கும் பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமம், காற்றும் நீரும் பட்டதும் கந்தக அமிலத்தைத் தோற்றுவிக்கிறது. மேகாலயத்தின் ஜைந்தியா மலைப்பகுதிக் கரியில் கந்தகம் மிகுதி. அங்கே ஓடைகள் அமிலமாகி, மீன்கள் அற்றுப்போயின. 2014இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்கே எலிவளைச் சுரங்கங்களுக்குத் தடை விதித்தது. இராணிகஞ்சின் கோண்டுவானாக் கரியில் கந்தகம் குறைவு. தோன்றும் அமிலத்தைப் பாறைகளின் கார்பனேட்டுகள் பெரும்பாலும் நடுநிலையாக்கிவிடுகின்றன. ஆயினும் நீர் பழைய நீராகிவிடுவதில்லை. சல்பேட்டும் கால்சியமும் மக்னீசியமும் அதில் தங்கிவிடுகின்றன, நீர் கடினமாகிறது. கரித்தூளும் களிமண்ணும் ஓடையின் படுகையில் படிகின்றன.

மதிப்பீட்டின் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. நிலக்கரிச் சுரங்கங்களுக்கென 2000ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட கழிவுநீர்த் தரம் பி.எச். மதிப்பை 5.5 முதல் 9 வரையும், மிதக்கும் திண்மங்களை லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரையும் அனுமதிக்கிறது. கட்டாய அளவைகளின் வரிசையில் சல்பேட்டு இல்லை. குடிநீருக்கான இந்தியத் தர அமைவனத்தின் விதியோ சல்பேட்டுக்கு 200 மில்லிகிராம் என்ற ஏற்புடைய வரம்பை வைக்கிறது. மாற்று நீராதாரம் இல்லாதபோது மட்டும் 400. ஆகவே முதல் விதியில் தேறிய நீர் இரண்டாவதில் தவறக்கூடும். சுரங்க நீரைச் சுத்திகரித்து ஊர்களுக்கு வழங்கும் திட்டங்கள் நடைமுறையில் உள்ள இக்காலத்தில் இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. நெய்வேலிச் சுரங்க நீர் வாலாஜா ஏரி வழியே வயல்களுக்குப் பாய்வதை அறிந்த தமிழ் வாசகர்க்கு இது அயலார் செய்தியும் அன்று.

மாதிரி எடுக்கும் முறையும் முடிவை மாற்றும். மழைக்காலத்தில் எடுத்த நீர், கலப்பினால் தூயதாகத் தோன்றும். கோடையில் சிற்றோடையில் ஓடுவதில் பெரும்பகுதி சுரங்க நீராகவே இருக்கலாம். செறிவை மட்டும் அளந்தால் போதாது. ஓட்டத்தின் அளவையும் சேர்த்தால்தான் ஓடை சுமக்கும் மொத்தப் பளு தெரியும். ஆசன்சோலைத் தொட்டுச் செல்லும் நுனியா ஓடையில் நகரச் சாக்கடையும் கலக்கிறது. அதில் சுரங்கத்தின் பங்கைப் பிரித்தறிய, கலக்குமிடத்துக்கு மேலும் கீழும் ஒரே காலத்தில் மாதிரிகள் வேண்டும்.

இவ்வளவு செய்தபின்னும் ஓர் இடைவெளி எஞ்சுகிறது. தோண்டுவதற்கு முன் அந்நீர் எப்படி இருந்தது? 1861இல் வெளிவந்த பிளான்ஃபோர்டின் நில ஆய்வேடு இராணிகஞ்சுப் பாறைகளின் அமைப்பை விரிவாக வகுத்தது. ஓடை நீரின் வேதியியலை வகுப்பது அந்நூலின் நோக்கமன்று. மேலோடையின் மாதிரியை இன்று ‘இயற்கை நிலை’ என்று எழுதும்போது, அது தோண்டுமுன் இருந்த நிலையன்று, அதற்கு ஈடாகக் கொண்ட ஒன்றே என்பதை ஆய்வேட்டில் சொல்லிவிடுவது நேர்மை. பாறைக்குக் கிடைத்த ஏடு நீருக்குக் கிடைக்கவில்லை. அளக்கத் தொடங்கும்போதே நீர் மாறியிருந்தது.