டிகாஷன் இறங்கும் கதை

புத்தலப்பட்டு என்று சொன்னால் "அது எங்கே இருக்கு?" என்றுதான் கேட்பீர்கள். ஆனால் உங்களில் பல பேர் அந்த ஊரைத் தாண்டிப் போயிருப்பீர்கள், பஸ்ஸில் தூங்கிக்கொண்டே. வேலூரிலிருந்து சித்தூர் வழியாகத் திருப்பதி போகும்போது, சித்தூருக்கு அப்புறம் கடப்பா ரோடும் திருப்பதி ரோடும் பிரிகிற இடம். காணிப்பாக்கம் பிள்ளையார் கோவில் பக்கத்தில்தான். 1911-ல் சித்தூர் மாவட்டம் உண்டானபோது நாங்கள் மதராஸ் மாகாணம். 1953 அக்டோபர் 1-லிருந்து ஆந்திரா. 1960-ல் திருத்தணி அந்தப் பக்கம் போனது, நாங்கள் இந்தப் பக்கமே தங்கிவிட்டோம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. அப்பாவை நைனா என்போம், அவருடைய அம்மாவை ஆயா என்போம். இரண்டு பாஷைக்கும் சண்டை வராத ஒரு வார்த்தை உண்டு: டிகாஷன்.

இன்றைக்கு அந்த டிகாஷன் கதைதான். கொஞ்சம் நீளம். ஒரு டம்ளர் கலந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள் :-)

அம்மா போனபிறகு நைனா ஐந்து மாதம் எங்களோடு இங்கே ஓஹையோவில் வந்து இருந்தார். 74 வயதில் அவர் ஒரு நாள்கூட காபி போட்டதில்லை. காலையில் கண் திறந்தால் டவரா டம்ளர் வந்துவிடும், அது எப்படி வருகிறது என்று யோசிக்க வேண்டிய தேவையே அவருக்கு இருக்கவில்லை. இங்கே தங்கமணி ஆறு மணி ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவாள். அதனால் டிரிப் மெஷினில் பொடி போட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போவாள், நைனா பட்டனை அமுக்க வேண்டியது மட்டும்தான். காபியைக் கழனித்தண்ணி என்றார். ஆனால் மெஷின் பிடித்துவிட்டது. "ஏம்ப்பா, இந்த மாதிரி ஒண்ணு ஊருக்கு எடுத்துட்டுப் போனா நானே போட்டுக்குவேனே" என்றார். ஊரில் தனி வீட்டில், யாரையும் எதிர்பார்க்காமல் விடிகாலை காபி. அவருக்கு அது சின்ன விஷயமில்லை.

பதில் சொல்வதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று, கராஜில் கிடந்த பழைய மெஷின் ஒன்றைக் கவிழ்த்து ஸ்க்ரூவைக் கழற்றினேன்.

ஒரு குட்டி மோட்டார், ஒரு பம்ப் இருக்கும் என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள். இரண்டும் கிடையாது. சூடு தட்டுக்குக் கீழே குதிரை லாடம் மாதிரி வளைந்த ஒரு அலுமினியக் குழாய். அதை ஒட்டினாற்போல ஒரு ஹீட்டர். அவ்வளவுதான் மெஷின்! தொட்டியில் ஊற்றுகிற பச்சைத் தண்ணீர், அடியில் இருக்கும் ஓட்டை வழியாக ரப்பர் குழாயில் இறங்கி லாடத்துக்குள் போகிறது. போகிற வழியில் சின்னதாக ஒரு வால்வு: தண்ணீர் உள்ளே போகலாம், திரும்பி வர முடியாது. லாடத்துக்குள் தண்ணீர் கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகும். குமிழ் விரியும்போது பின்னால் வால்வு மூடிக்கொள்ளும். வேறு வழியில்லாமல் தனக்கு முன்னால் இருக்கிற வெந்நீரை மேலே போகிற குழாயில் தள்ளிவிடும். அந்த வெந்நீர்தான் பொடிமேல் சொட்டுகிறது. ஒரு வாய் போனதும் அடுத்த வாய்த் தண்ணீர் தொட்டியிலிருந்து இறங்கும். மெஷின் களக் களக் என்று சத்தம் போடுவது இதனால்தான். தொட்டி காலியானதும் குளிர வைக்கத் தண்ணீர் இல்லாமல் லாடம் சூடேறும். தெர்மோஸ்டாட் கரண்டைத் துண்டிக்கும், சூடு தணிந்தால் மறுபடி சேர்க்கும். ஒரே ஹீட்டர்தான் தண்ணீரையும் கொதிக்க வைக்கிறது, கீழே தட்டையும் சூடாக வைக்கிறது. தெர்மோஸ்டாட் மக்கர் செய்தால் வீடு எரியாமல் இருக்க, கூடவே ஒரு தெர்மல் ஃப்யூஸ். அது ஒரு தடவை போனால் போனதுதான்.

இந்தக் குமிழித் தள்ளு மெஷின்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை. அடுப்பில் வைக்கிற பெர்கோலேட்டரில் ஏற்கெனவே இருந்ததுதான். பாரிஸில் லோரான் என்ற தகரக் கொல்லர் 1819-ல் செய்தது ஒன்று. இல்லினாய்ஸைச் சேர்ந்த ஹான்சன் குட்ரிச் என்ற விவசாயி 1889-ல் பேடன்ட் வாங்கியது இன்னொன்று, அமெரிக்க வீடுகளில் பல தலைமுறை கொதித்தது இந்த வகைதான். அதில் ஒரு தொல்லை. இறங்கின காபியே திரும்பத் திரும்ப மேலே ஏறிப் பொடிமேல் விழும். காபி கசந்துபோகும்.

இன்னொரு பக்கம் ஜெர்மனி. 1908-ல் ட்ரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பத் தலைவி, காபியில் மண்டி வருவதைப் பொறுக்காமல், ஒரு பித்தளைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, பையனின் நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து உள்ளே போட்டார். பேப்பர் பில்டர் பிறந்தது இப்படி. (பித்தளை, ஓட்டை என்று படித்ததுமே உங்களுக்கும் ஏதோ ஞாபகம் வந்திருக்குமே!) அதே ஜெர்மனியில் 1954-ல் காட்லோப் விட்மான் என்பவர் முதல் மின்சார டிரிப் மெஷினுக்குப் பேடன்ட் வாங்கினார். தன் பெயரிலிருந்தே எழுத்துகளை எடுத்து அதற்கு விகோமாட் என்று பெயர். அமெரிக்காவில் அது வீட்டுச் சாமானாக ஆனது 1972-ல், மிஸ்டர் காபி வந்தபோது. வின்சென்ட் மரோட்டா, சாமுவேல் கிளேசர் என்ற இரண்டு நண்பர்கள், க்ளீவ்லேண்டில் ஆரம்பித்தது. க்ளீவ்லேண்ட் என்றால் நம்மவர்களுக்கு 1978-லிருந்து நடக்கும் தியாகராஜ ஆராதனைதான். அங்கே கச்சேரி இடைவேளையில் காபிக்கு நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, இந்த ஊரின் இன்னொரு பெருமையும் தெரிந்திருக்கட்டும்.

சரி, நம் பில்டர்? மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பாத்திரம், மேல் பாத்திரத்தின் அடியில் பொடி ஓட்டைகள், நடுவில் காம்பு வைத்த குடை. இதன் தாத்தா பிரான்சில் இருக்கிறார். 1800-ஐ ஒட்டி பாரிஸில் புழக்கத்துக்கு வந்த டிரிப் பாத்திரம், அந்த ஊர் ஆர்ச்பிஷப் டி பெல்லாய் பெயரால் வழங்குகிறது. அதைச் சீர்படுத்தி 1812-ல் தனிக் கட்டுரையே எழுதியவர் கவுன்ட் ரம்ஃபோர்ட். பீரங்கிக்குத் துளை போடும்போது வருகிற சூட்டை ஆராய்ந்து, வெப்பம் என்பது ஒரு பொருளில்லை, ஒரு வகை அசைவு என்று 1798-ல் எழுதினாரே, பிசிக்ஸ் புத்தகத்தில் படித்திருப்போமே, அதே ஆசாமி. பொடியைச் சமமாகப் பரப்பி லேசாக அழுத்த வேண்டும், ஊற்றுகிற தண்ணீர் பொடியைக் கலைக்கக்கூடாது என்பதற்காக ஓட்டை போட்ட தட்டு வேண்டும் என்றார். நம் குடை செய்வதும் அதே வேலைதான். ஐரோப்பா அந்தத் தட்டை ஏறக்குறைய மறந்துவிட்டது. நாம் மறக்கவில்லை.

காபியே நமக்குப் பழசு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாபா புதன் சிக்மகளூர் மலைக்கு விதை கொண்டுவந்த கதை 17-ஆம் நூற்றாண்டு என்றாலும், பெரிய தோட்டங்கள் 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் போட்டவை, கொட்டை கப்பலேறுவதற்காக. இலங்கைக் காபித் தோட்டங்களில் உழைத்ததும் நம் தமிழ் ஜனங்கள்தான். 1869-ல் இலைத்துரு நோய் வந்து அந்தத் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது. 1930-களில் உலகச் சந்தையில் விலை சரிந்தபோதுதான் உள்ளூர் நாக்கைத் தீவிரமாகத் தேடினார்கள். 1935-ல் காபி செஸ் கமிட்டி, 1936-ல் பம்பாயில் முதல் இந்தியா காபி ஹவுஸ், 1942-லிருந்து அரசு காபி போர்டின் கையில் விற்பனை.

தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்துக்குக் காபி எப்படி ஓர் அந்தஸ்துச் சின்னமாக ஆனது என்று ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரையில் அருமையாக எழுதியிருக்கிறார். காபி கிளப்புகளில் 'பிராமணாள்' போர்டு தொங்கிய காலமும் அதில் சேர்த்திதான். 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் அந்த போர்டை எடுக்கச் சொல்லிப் பெரியார் போராட்டமே நடத்தினார். எங்கள் வீட்டில் ஆயா கடைசிவரை காலையில் கேழ்வரகுக் கூழ்தான் குடித்தார். பில்டர், அம்மா கல்யாணமாகி வந்தபோது சீரில் வந்தது. பித்தளை. உள்ளே ஈயம் தேய்ந்தால் களிம்பு ஏறும் என்று, ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுக்கும் நாளுக்காக அம்மா காத்திருப்பார். எவர்சில்வர் வந்தபிறகுதான் அந்தக் கவலை ஒழிந்தது.

இப்போது மெஷினையும் பில்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் காபியை இறக்குவது தண்ணீரின் எடைதான். மெஷின் நமக்காகச் செய்வது இரண்டே வேலை: தண்ணீரைக் கொதிக்க வைப்பது, ஊற்றுவது. எங்கள் வீட்டில் அந்த இரண்டும் நாலரை மணிக்கு எழுந்த அம்மாவின் வேலை. இத்தனை பேடன்ட்டும் சேர்ந்து ஒரு மனுஷியின் அரைமணி நேரத் தூக்கத்தை மிச்சம் பிடிக்கத்தான்.

வித்தியாசம் எங்கே என்றால், வேகத்தில். என் பழைய மெஷினில் 900 வாட்ஸ் என்று அச்சடித்திருந்தது. ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 95-க்குக் கொண்டுபோக அதற்குச் சுமார் ஆறு நிமிடம். அதாவது வினாடிக்கு மூன்று மில்லிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், பொடி வாங்கிக்கொண்டதா இல்லையா என்று பார்க்காது. அதனால்தான் கொரகொரப்பான பொடி, நிறையத் தண்ணீர், நீர்த்த காபி. பாலில்லாமல் குடிக்கிறவர்களுக்கு அது சரியான காபிதான், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நம் கதை வேறு. முக்கால் டம்ளர் பாலைத் தாங்குகிற டிகாஷன் வேண்டும். அதற்கு நைசான பொடி, கொஞ்சமே தண்ணீர், இருபது நிமிடமோ அரைமணியோ பொறுமை. எங்கள் வீட்டு அளவு 30 கிராம் பொடிக்கு ஒன்றரை நூறு மில்லி வெந்நீர்.

அந்தப் பொறுமைக்கு உதவுவது சிக்கரி. 1806-ல் நெப்போலியன் இங்கிலாந்துச் சரக்கைத் தடுத்தபோது காபிக்குப் பஞ்சம் வந்து பிரான்சில் பரவிய வேர் அது. காபியைவிட அதிகமாகக் கரையும். கறுப்பும் கெட்டியும் தரும். ஈரத்தைப் பிடித்துவைத்துச் சொட்டை மெதுவாக்கும். காபீன் துளியும் கிடையாது. இந்தியச் சட்டப்படி 49 சதவீதம்வரை கலக்கலாம். அது ரொம்ப ஜாஸ்தி என்பது என் கட்சி. 20 போதும்.

நைனா கேட்டதற்கு வருகிறேன். இங்கத்திய மெஷின் 120 வோல்ட். ஊரில் 230. ஹீட்டர் அதேதான் என்பதால் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தில் ஏறும்: 900 வாட்ஸ் 3,300-ஐத் தொடும். ஒரு கப் இறங்குவதற்குள் ஃப்யூஸ் போய்விடும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். அவ்வளவு வாட்ஸுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் மெஷினைவிட அது கனம். 230 வோல்ட் மெஷின் சித்தூரிலேயே கிடைக்கும். ஆனால் எங்கள் போர் தண்ணீர்! வெந்நீர் அண்டாவில் வெள்ளை வெள்ளையாக ஏடு படிகிற தண்ணீர். விரல் தடிமன் லாடக் குழாயை அது எத்தனை மாதம் விட்டுவைக்கும்? வினிகர் ஊற்றிக் கழுவ நைனா யாரைத் தேடுவார்?

எல்லாவற்றையும் சொன்னேன். பிரித்துப் போட்டிருந்த லாடத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இவ்வளவுதானா? உங்கம்மா இதைத்தான் பண்ணிட்டிருந்தாளா?" என்றார். அன்று சாயங்காலமே பில்டரை எடுத்து வரச் சொன்னார். குடையைத் தலைகீழாகப் போட்டார், முதல் டிகாஷன் மண்டியாக வந்தது, குடித்தார். கிளம்புவதற்குள் கை வந்துவிட்டது. ஊரில் இப்போது ராத்திரி எட்டரைக்கே டிகாஷன் போட்டு வைத்துவிடுகிறாராம். ராத்திரி டிகாஷன் காலையில் ருசிக்காது என்று நான் சொன்னதை அவர் கேட்பதாக இல்லை.

மெஷின்தான் கதி என்று இங்கே இருக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. நம்மூர் நைஸ் பொடியை அதில் அப்படியே போடாதீர்கள். பேப்பர் அடைத்துக்கொள்ளும், தண்ணீரோ வந்துகொண்டே இருக்கும், கூடை வழிந்து மேடையெல்லாம் காபி. கொட்டை வாங்கி நடுத்தரமாக அரையுங்கள், சிக்கரி வேண்டாம். நாலு கப் கோட்டுக்குத் தண்ணீர், எட்டு கப்புக்கான பொடி. பாதி இறங்கியதும் ஸ்விட்சை அணைத்து மூன்று நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். பில்டர் டிகாஷன் ஆகிவிடாது, ஆனால் பால் தாங்கும்.