அசதியும் ஹீமோகுளோபின் எண்ணும்: புதுக்கோட்டைச் செம்மண் பூமியிலிருந்து ஒரு வாதம்

தீராத அசதிக்கு ஊட்டச்சத்துக் குறைபாடு காரணமாக இருக்கலாம் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. ஆனால் அந்த உண்மை நம் பொதுச் சுகாதார நடைமுறையில் ஒரே ஓர் எண்ணாகச் சுருங்கிவிட்டது. விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தம், அதில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்ற அளவு, அதற்குத் தக்க மாத்திரை. அந்த எண் 12-க்கு மேல் இருந்துவிட்டால் அசதி என்ற புகார் அங்கேயே செல்லாததாகிவிடுகிறது. 12-க்குக் கீழே இருந்தால் காரணம் இரும்புச்சத்துதான் என்று முடிவாகிவிடுகிறது. இரண்டுமே அவசர முடிவுகள் என்பது என் வாதம். அசதியை நோயாளியின் வாயிலிருந்தே கேட்டுப் பதிவு செய்து, அதன் காரணத்தைத் தேடும் வழக்கம் கிராம அளவில் வந்தாக வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் வல்லத்திராக்கோட்டையை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். சுற்றிலும் செம்மண் பூமி. முந்திரிக்காடு, தைலமரத் தோப்பு, மழையை நம்பிய கண்மாய்ப் பாசனம். ஊரில் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. விடிவதற்கு முன்பே எழுந்து சோறு பொங்கி வைத்துவிட்டு, களையெடுப்புக்கோ முந்திரிக்கொட்டை பொறுக்கவோ நூறு நாள் வேலைக்கோ போகும் பெண்கள் இவ்வட்டாரத்தின் உழைப்பில் பெரும்பங்கைச் சுமக்கிறார்கள். "ஏந்திரிக்கவே முடியல நர்சம்மா, கையி காலெல்லாம் ஓஞ்சு கெடக்கு" என்று அவர்கள் சொல்வதைச் சோம்பலாகவோ பழக்கப் பேச்சாகவோ எடுத்துக்கொள்வது பெரிய அநீதி.

இந்த அசதியை அளந்து காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. அது நடந்தது நம் மண்ணில் அல்ல, நம் மக்கள் குடியேறிய மண்ணில். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களே மலையகத்தின் கொழுந்து பறிக்கும் பெண்கள். 1979-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எட்ஜர்டன், கார்ட்னர், செனவிரத்ன முதலானோர் இலங்கைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். தொழிலாளர்களில் ஒரு சாராருக்கு இரும்புச்சத்தும் மற்றொரு சாராருக்கு மருந்தற்ற வெறும் மாத்திரையும் கொடுத்து, ஒவ்வொருவரும் பறித்த கொழுந்தை நிறுத்துப் பார்த்தார்கள். ஒரு மாதத்தில், இரும்பால் ஹீமோகுளோபின் உயர்ந்தவர்கள் கூடுதலாகப் பறித்தார்கள். 6 முதல் 9 கிராம் வரை மட்டுமே இருந்தவர்களிடம் முன்னேற்றம் மிக அதிகம். வேலை நேரத்தோடு நிறுத்தாமல் நாள் முழுவதும் அவர்களுடைய உடலசைவையும் அளந்தார்கள். மூன்றே வாரத்தில் அதுவும் கூடியிருந்தது. வேலை முடிந்து தோட்டக் குடியிருப்பான லயத்துக்குத் திரும்பிய பிறகும் அவர்கள் சுருண்டு படுக்கவில்லை என்பதே எனக்கு இதில் மிக முக்கியமான செய்தி. கொழுந்தின் எடை தோட்டத்துரைக்கு வேண்டியது. மாலையில் பிள்ளையோடு உட்கார மிஞ்சும் தெம்பு அந்தப் பெண்ணுக்குச் சொந்தமானது.

நூறு நாள் வேலையிலும் அளவு உண்டு. வெட்டிய மண்ணின் கன அளவைப் பார்த்துக் கூலி போடுவதுதான் விதி. சோகை பிடித்த பெண் வெட்டும் குழி ஆழம் குறைந்தால் கூலியும் குறைகிறது, குழுவில் முணுமுணுப்பும் எழுகிறது. குழியை அளக்கும் நாடா அவள் உடம்பின் நிலையைச் சொல்வதில்லை.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த சோகைக் கோடு. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் சோகை இருந்தவர்கள் 2015–16-இல் 55.0 விழுக்காடு, 2019–21-இல் 53.4 விழுக்காடு. விரல் நுனி ரத்தத்தில் எடுத்த அளவு நாளத்திலிருந்து எடுத்த ரத்தத்தின் அளவோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இருக்கிறது; அது நியாயமான விவாதமே. அதற்காகக் கழித்துப் பார்த்தாலும் எஞ்சும் கூட்டம் பெரியது.

கோட்டுக்கு மேலே இருப்பவர்களைப் பற்றித்தான் நாம் பேசுவதே இல்லை. உடம்பு முதலில் இழப்பது ரத்தத்தில் ஓடும் இரும்பை அல்ல. ஈரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் ஃபெரிட்டினாகச் சேர்த்து வைத்த இரும்பை. அந்தச் சேமிப்பு வற்றிய பிறகே ஹீமோகுளோபின் இறங்கும். அதற்கு முன்பே தசைகளும் செல்களின் ஆற்றல் உற்பத்தியும் இரும்புக்கு ஏங்கத் தொடங்கிவிடும். 2003-இல் சுவிட்சர்லாந்தில் வெர்டோனும் சகாக்களும், சோகை இல்லாமலேயே காரணம் தெரியாத அசதியோடு வந்த 144 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். நான்கு வாரம் தினமும் 80 மில்லிகிராம் இரும்பு சாப்பிட்டவர்களிடம் அசதி 29 விழுக்காடு குறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் 13 விழுக்காடு. பிரான்சில் ஃபெரிட்டின் 50-க்குக் கீழே இருந்த 198 பெண்களிடம் நடந்து 2012-இல் வெளியான சோதனையும் இதே திசையில்தான் முடிந்தது. வெறும் மாத்திரைக்கும் பலன் தெரிந்தது என்பதை மறைக்கக் கூடாது. அசதி மனதோடும் பிணைந்தது, கவனித்துக் கேட்டாலே ஓரளவு தணிகிறது. ஆயினும் இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் இரும்பின் வேலை.

ஐரோப்பியப் பெண்களின் முடிவை நம் செம்மண் காட்டுக்கு அப்படியே பொருத்தலாமா? கூடாது. இங்கே கூடுதலாகக் கணக்கில் வரவேண்டியவை நிறைய. முதலாவது, ரத்த இழப்பு. மாதவிடாயில் 80 மில்லிக்கு மேல் போவதை அதிகப் போக்கு என்கிறது மருத்துவம். அத்தனை ரத்தத்தோடு சுமார் 35 மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது. அதாவது நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல், வழக்கமான உடல் இழப்பு போக. அரிசியும் பருப்பும் காய்கறியுமான நம் சாப்பாட்டில் இருக்கும் இரும்பில் உடம்பு ஏற்பது 5 முதல் 8 விழுக்காடு அளவுக்குத்தான். எனவே அந்த ஒரு மில்லிகிராமை ஈடுகட்டவே 12 முதல் 20 மில்லிகிராம் வரை கூடுதலாகச் சாப்பிட வேண்டியிருக்கும். நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்குக் கர்ப்பப்பைக் கட்டியால் ஏழெட்டு நாள் போக்கு நீடித்தாலும் அவள் அதைச் சொல்வதில்லை. யாரும் கேட்பதும் இல்லை. இன்னொரு வழி கொக்கிப்புழு. வெறுங்காலோடு தோப்பில் நடப்பவரின் தோல் வழியே நுழைந்து குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழு இது. 1916-இல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் இதற்கெதிராக இயக்கமே நடத்தினார்கள். இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் கிடைக்கிறது. தோப்பில் வேலை செய்யும் அவர்களுடைய அம்மாக்கள் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறார்கள்.

நம் திட்டங்கள் பிள்ளைத்தாய்ச்சியைச் சுற்றியே கட்டப்பட்டவை. அதில் பெருமைப்பட நியாயம் உண்டு. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் நடக்கும் மகப்பேறு உதவித் திட்டத்தில் இரும்புச்சத்து டானிக்கும் பேரீச்சம்பழமும் அடங்கிய ஊட்டச்சத்துப் பெட்டகம் வீடு சேர்கிறது. சோகையுள்ள கர்ப்பிணிக்குத் தேவைப்பட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அயர்ன் சுக்ரோஸ் ஏற்றுகிறார்கள். வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒரு மாத்திரை உண்டு. 2018-இல் தொடங்கிய 'அனீமியா முக்த் பாரத்' கர்ப்பமில்லாத 20 முதல் 49 வயதுப் பெண்களையும் ஏட்டளவில் சேர்த்துக்கொண்டது. ஆனால் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட பெண்ணுக்குச் செவிலியரின் கதவைத் தட்ட ஒரு காரணமும் மிச்சமில்லை. அவள் அசதி எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

சாப்பாட்டைப் பற்றி நீட்டி முழக்க விரும்பவில்லை. ஆனால் ஒரு நம்பிக்கையைத் திருத்தியாக வேண்டும். சிவப்பாக இருப்பது ரத்தம் ஊறவைக்கும் என்று பீட்ரூட்டையும் மாதுளையையும் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையில் 100 கிராம் பீட்ரூட்டில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. மாதுளையில் அதனினும் குறைவு. கொல்லையில் சும்மா நிற்கும் முருங்கைக்கீரையிலும், கேழ்வரகிலும் நாலரை மில்லிகிராமுக்கு மேல். தீட்டிய அரிசியில் 0.65 தான். செறிவூட்டிய ரேஷன் அரிசிக்குக் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் என்று விதி இருப்பதால், நாளுக்கு 400 கிராம் சாப்பிடுபவருக்குக் கணக்குப்படி 11 முதல் 17 மில்லிகிராம் கூடுதலாகச் சேரும். அதில் கலந்திருக்கும் செறிவூட்டிய மணிகளைப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று நம்பி முறத்தில் பொறுக்கி எறிந்துவிட்டால் ஒன்றும் சேராது. செறிவூட்டிய அரிசியால் சோகை குறைகிறதா என்பதற்கு உலக அளவிலான சான்றுகளும் வலுவாக இல்லை. அதை நிறுத்தச் சொல்லவில்லை. அதை மட்டும் நம்பக்கூடாது என்கிறேன். சோறு சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் வழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவதும், சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயைச் சேர்ப்பதும் செலவில்லாத மாற்றங்கள். டீயின் துவர்ப்புப் பொருள் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். நெல்லியின் வைட்டமின் சி அதை உடம்பு ஏற்க உதவும்.

எல்லாச் சோகையும் இரும்பால் தீராது என்பதை உலகுக்குக் காட்டியதில் இந்தியப் பெண்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 1928-இல் பம்பாய் வந்த லூசி வில்ஸ் என்ற மருத்துவர், ஏழைக் கர்ப்பிணிகளிடம் ரத்த அணுக்கள் பெருத்துப்போன ஒரு சோகையைக் கண்டார். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் சென்னையிலும் அவருடைய தேடல் தொடர்ந்தது. இரும்புக்கு மசியாத அந்தச் சோகை, ஈஸ்ட் சாரான மார்மைட் கொடுத்ததும் தணிந்தது. 1931-இல் அவர் வெளியிட்ட அந்தக் கண்டுபிடிப்பே பின்னாளில் ஃபோலிக் அமிலத்தை நோக்கி இட்டுச் சென்றது.

இன்று வில்ஸின் இடத்தில் நிற்க வேண்டிய கேள்வி பி12. தாவர உணவில் அது இல்லை; மீன், கருவாடு, முட்டை, இறைச்சி, தயிர் வழியேதான் வரவேண்டும். 2016–18-இல் நடந்த தேசிய அளவிலான முழுமையான ஊட்டச்சத்து ஆய்வில் இந்திய வளரிளம் பருவத்தினரில் 31 விழுக்காட்டினருக்கு பி12 குறைவு. இரும்புக் குறைவோ 22 விழுக்காடு. இரும்புக் குறைவு ரத்த அணுவைச் சுருக்கும், பி12 குறைவு பெருக்கும். இரண்டும் சேர்ந்திருந்தால் சராசரி அளவு இயல்பானது போலத் தோன்றி ஏமாற்றும். பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் பெரிய அளவில் கொடுத்தால் சோகை சீராவது போலத் தெரியும். நரம்பு பாழாவது நிற்காது.

இதில் தமிழகத்துக்கே உரிய ஒரு கோணம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது; அருமையான திட்டம். அந்த மாத்திரைகளில் முதன்மையானது மெட்ஃபார்மின். நெதர்லாந்தில் 390 பேரை நாலரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகத் தொடர்ந்த ஆய்வு 2010-இல் வெளியானது. மெட்ஃபார்மின் எடுத்தவர்களின் பி12 அளவு மற்றவர்களைவிட 19 விழுக்காடு இறங்கியிருந்தது. ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடும் ஐம்பது வயதுக்காரர் "கால் மதமதப்பு, அசதி" என்றால் சர்க்கரை கூடிவிட்டது என்றே நாம் எண்ணுகிறோம். வீடு தேடி வரும் பணியாளரிடம், இது பி12 குறைவோ என்ற கேள்வியை ஒப்படைக்க முடியும்.

அசதிக்கென்று ஏற்றிக்கொள்ளும் குளுக்கோஸ் பாட்டிலைப் பற்றி ஒரு சொல். அரை லிட்டர் ஐந்து விழுக்காட்டுக் கரைசலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. காபிக்குப் போடும் ஐந்தாறு கரண்டிச் சர்க்கரைக்குச் சமம். அதில் பி-காம்ப்ளெக்ஸ் ஊசியைக் கலந்தால் நீர் மஞ்சளாகிறது, மருந்து ஏறுகிறது என்ற நம்பிக்கையும் ஏறுகிறது. ஒருநாள் கூலி அதற்குப் போகிறது. அந்தப் பணத்தில் வாங்கக்கூடிய கருவாட்டையும் முட்டையையும் நினைத்தால் வயிறு எரிகிறது.

சமூக அறிவியலாளர் ஒருவர் இங்கே குறுக்கிட்டு, வறுமையையும் ஓயாத உழைப்பையும் தூக்கமின்மையையும் மருத்துவச் சொல்லுக்குள் அடைக்கிறீர்கள் என்று சொல்லலாம். வலுவான மறுப்புதான். போதுமான கலோரியே இல்லாத உடம்புக்கு எந்த மாத்திரையும் தெம்பு தராது. தைராய்டு, காசநோய், மனச்சோர்வு, குடிகாரக் கணவனோடு கழியும் இரவுகள் எல்லாம் அசதியாகவே வெளிப்படும். ஆனால் நாள்கூலிக்காரரின் இரும்புச்சத்தைத் திருப்பிக் கொடுப்பது அவருடைய கூலிப் போராட்டத்தைப் பலவீனப்படுத்தாது. மலையகப் பெண்களின் மாலைப்பொழுது அதற்குச் சான்று.

நடைமுறையில் நான் கேட்பது பெரிதல்ல. கிராமச் செவிலியரின் பதிவேட்டில் ஹீமோகுளோபினுக்குப் பக்கத்தில் இன்னும் சில கட்டங்கள்: எத்தனை மாதமாக அசதி, மாதப்போக்கு எத்தனை நாள், பச்சரிசியோ சாம்பலோ திருநீறோ தின்னும் ஆசை உண்டா, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா. நகம் கரண்டி போலக் குழிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நொடி போதும். ஃபெரிட்டினும் பி12-உம் எல்லோருக்கும் எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்க்க வேண்டியதில்லை. கேள்விகளில் ஐயம் எழுந்தவர்களின் ரத்த மாதிரி மட்டும் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போய் வரும் ஏற்பாடு போதும். மாத்திரையால் வயிறு புரட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று பாதியில் விடுபவர்களுக்கு, மலம் கறுப்பது இயல்பு என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடம்பு கூடுதலாக இரும்பை ஏற்கிறது என்று 2017-இல் சூரிச்சில் இரும்பு குறைந்த பெண்களிடம் செய்த ஆய்வு காட்டியது; வயிறு தாங்காதவர்களிடம் மருத்துவர் இதைச் சொல்லிப் பார்க்கலாம். ஐம்பது தாண்டிய ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச் சோகை என்று தெரிந்தால், மாத்திரையை எழுதுவதற்கு முன் குடலில் எங்கேனும் ரத்தம் கசிகிறதா என்று பார்த்தாக வேண்டும். புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அந்தச் சோகை வருவதுண்டு.