சொல் கொடுத்த கைதிகள்

சிறைவாசி ஒருவர் சில நாள் வீட்டுக்கு வரப்பெறும் விடுப்பை இன்று நாம் 'பரோல்' என்கிறோம். தமிழக அரசின் 1982ஆம் ஆண்டு விதிகள் அதனைத் தண்டனை நிறுத்திவைப்பு என்று குறிக்கின்றன. ஆனால் அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பொருள் 'வாக்கு' என்பதே. போரில் பிடிபட்டவர், இனி உமக்கெதிராக ஆயுதம் ஏந்தேன் என்று சொல் கொடுத்துவிட்டு வெளியே நடமாடும் வழக்கம் ஒன்று இருந்தது; அதற்கு வழங்கிய பெயர் அது.

அச்சொல்லின் பலத்தைச் சென்னை நகரம் 1746இல் கண்டது. அவ்வாண்டு செப்டம்பரில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனே, 11 இலட்சம் வராகன் மீட்புப் பணத்துக்கு நகரைத் திருப்பித் தருவதாக ஆங்கிலேயரிடம் உடன்பட்டார். ஆங்கிலேயர் வாக்குக் கைதிகள் ஆயினர். புதுச்சேரி ஆளுநர் தூப்ளேயோ, அதே நகரை ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கானுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரே ஊர் இருவருக்கு வாக்களிக்கப்பட்டது. இருவருக்கும் அது கைகூடவில்லை. ஏமாற்றமுற்ற நவாப் தம் மகன் மஹ்பூஸ் கானைப் பெரும்படையுடன் ஏவினார். தாம்பரத்துக்கு மேற்கே நம் கண்முன் ஓடும் அடையாறு கடலைச் சேரும் இடத்தருகே, ஏறத்தாழ ஆயிரம் பேரே கொண்ட பிரெஞ்சுப் படையிடம் அது தோற்றது.

பின்னர் தூப்ளே மீட்பு உடன்படிக்கையையும் செல்லாததாக்கினார். ஆங்கிலேயரோ, உடன்படிக்கை முறிந்ததால் தாம் கொடுத்த சொல்லும் தம்மைக் கட்டாது என்றனர். 21 வயது எழுத்தர் ராபர்ட் கிளைவ் இரவில் கடலூர்ப் பக்கத்துப் புனித டேவிட் கோட்டைக்குத் தப்பினார். முஸ்லிம் வேடத்தில் என்று எழுதுகிறார் மெக்காலே. நம் உடை அவருக்கு அன்று உதவியிருக்கிறது! மறு ஆண்டே அவர் படை அதிகாரியானார்.

எதிரி முறித்த உடன்படிக்கை நம்மைக் கட்டாது என்னும் வாதத்தை நாம் தள்ளிவிட இயலாது; நம் ஃபிக்ஹு நூல்களும் அதனை ஏற்கின்றன. எனினும் எதிரி முறிக்காதபோது, அதுவும் வற்புறுத்திப் பெறப்பட்ட வாக்கென்றால் என் செய்வது? 624இல், பத்ருப் போருக்கு முன், ஹுதைபா (ரலி) அவர்களையும் தந்தையாரையும் குறைஷியர் வழிமறித்தனர். நபியவர்களுடன் சேர்ந்து போரிடுவதில்லை என்று அல்லாஹ்வின் பெயரால் உறுதி வாங்கிய பின்னரே மதீனா செல்ல விட்டனர். இருவரும் வந்து நடந்ததைச் சொன்னபோது, அவ்வாக்கைக் காக்கும்படி பணித்து அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். ஸஹீஹ் முஸ்லிம் இதனைப் பதிவு செய்துள்ளது.

அன்று முஸ்லிம்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர்; எதிரே ஏறத்தாழ ஆயிரம். ஹுதைபா (ரலி) அவர்களும் தந்தையாரும் மறு ஆண்டு உஹதில்தான் களம் கண்டனர். தந்தையார் அங்கேயே ஷஹீதானார்.