கணவன் உள்ளவளுக்குக் கடைசியாகத் திறந்த கதவு: தமிழகப் பெண்கள் புகலிடங்களும் தென்காசி வட்டாரமும்

தமிழகத்தில் பெண்களுக்கென எழுந்த இல்லங்கள் யாரை உள்ளே சேர்த்துக்கொண்டன என்று காலவரிசைப்படி கேட்டுப் பார்க்கலாம். கணவனை இழந்தவளுக்கு முதலில் இடம் கிடைத்தது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை உதறி வந்தவளுக்கு அடுத்து. கணவன் கைவிட்டுப் போனவளுக்கு அதன் பிறகு. கணவன் வீட்டில் இருக்க, அவன் அடிக்குத் தப்பித் தானே படியிறங்கி வந்தவளுக்குத்தான் கடைசியில் கதவு திறந்தது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே உள்ள மேலகரம் போன்ற ஊரிலிருந்து பார்க்கும்போது இந்தத் தாமதத்தின் விளைவு இன்றும் தெரிகிறது.

சகோதரி சுப்புலட்சுமி 1912-ஐ ஒட்டிச் சென்னை எழும்பூரில் இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்கவைக்கத் தொடங்கினார். அந்த இல்லம் பின்னர் திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு மாறியது. 1930-இல், தேவதாசி மரபிலிருந்து வெளியேறி அடைக்கலம் கேட்டு வந்த சிறுமிகளுக்காக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தை நிறுவினார். இரண்டும் துணிச்சலான செயல்கள். ஆனால் இரண்டிலுமே வந்தவளைத் திரும்ப அழைக்கும் உரிமையோடு வாசலில் நிற்கக் கணவன் என்று ஒருவன் இல்லை. விடுதலைக்குப் பின் வந்த அரசு சேவை இல்லங்களும் விதவைகளையும் கைவிடப்பட்டவர்களையும் ஆதரவற்றவர்களையுமே முதன்மையாகக் கருதின.

இதற்கு இணையாக இன்னொரு மரபும் வளர்ந்தது. 1956-ஆம் ஆண்டின் பெண்கள் வணிகத் தடுப்புச் சட்டத்தின்கீழ் மீட்கப்பட்டவர்களை நீதிமன்ற ஆணைப்படி அடைத்து வைக்கும் காப்பகங்கள் அவை. பூட்டிய கதவும் அனுமதிச் சீட்டும் அங்கிருந்துதான் பெண்கள் இல்லங்களுக்குள் நுழைந்தன என்பது என் கணிப்பு. 1969-இல் மத்திய அரசு கொண்டுவந்த குறுகிய காலத் தங்கும் இல்லத் திட்டம் திருமணப் பூசலால் வீடிழந்த பெண்ணையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆனால் 'ஒழுக்க ஆபத்தில்' உள்ளவள் என்ற வகையோடு அவளையும் ஒரே பட்டியலில் வைத்தது. 1971-இல் லண்டன் சிஸ்விக்கில் எரின் பிசி திறந்த இல்லம், அடிபட்ட மனைவிக்கு அவள் மனைவி என்பதாலேயே இடம் கொடுத்தது. அந்தப் பார்வை இங்கே சட்டமாக வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 498ஏ பிரிவு, கணவனும் அவன் வீட்டாரும் மனைவிக்குச் செய்யும் கொடுமையைக் குற்றமாக்கியது. 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. இரண்டாலும் புகார் கொடுக்க வழி பிறந்தது. புகார் கொடுத்த அன்றிரவு எங்கே படுப்பது என்ற கேள்வி அப்படியே இருந்தது. பொறந்த வீட்டில் ஒரு வாரம் வைத்திருப்பார்கள். பிறகு பெரியவர்கள் கூடுவார்கள், கணவனிடம் எழுதி வாங்குவார்கள், அவள் திரும்பிப் போவாள். சென்னையில் 2001-இல் பிரசன்னா பூர்ணச்சந்திரா தொடங்கிய பி.சி.வி.சி. அமைப்பு அந்த இரவுக்கான பதிலாகத் தங்குமிடத்தையும் தன் பணியில் சேர்த்துக்கொண்டது.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 6-ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்டவளோ அவள் சார்பில் பாதுகாப்பு அலுவலரோ கேட்டால் புகலிடப் பொறுப்பாளர் இடம் கொடுத்தே ஆகவேண்டும். குடும்ப நிகழ்வு அறிக்கை இன்னும் பதிவாகவில்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. அவள் விரும்பினால் அங்கிருப்பதை எதிர்த்தரப்புக்குச் சொல்லவும் கூடாது. 17-ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே சென்று, அவள் வீட்டைவிட்டு வெளியேறவே வேண்டியதில்லை என்றது. அதே 2006-இல் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைக் குறுக்கியது. மாமனார் பெயரில் பத்திரம் இருந்தால் மருமகளுக்கு வழியில்லை என்றானது. நம் ஊர்களில் பாதி வீடுகள் அப்படித்தானே! 2020 அக்டோபர் 15 அன்று சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில்தான் அந்தத் தடை நீங்கியது.

2019 நவம்பர் 22 வரை மேலகரம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. மாவட்டத் தலைநகருக்குப் போக 50 கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் பயணம். தென்காசி தனி மாவட்டமானதும் சமூக நல அலுவலகம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. ஆனால் அருகில் இருப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு: நாலு தெருவும் ஒன்றையொன்று அறிந்த ஊரில் புகலிடம் அமைந்தால் அதன் முகவரி மறைவாக இராது.

இவ்வட்டாரப் பெண்கள் பலர் பீடி சுற்றுகிறவர்கள். மடியில் சொளவு, இலையும் தூளும் வாங்குவதும் சுற்றியதை ஒப்படைப்பதும் அந்தந்த ஊர்க் கடையில். பாஸ்புக்கும் வருங்கால வைப்பு நிதியும் அந்த வேலையோடு பிணைந்தவை. வெளியூர் இல்லத்துக்குப் போனால் கையில் உள்ள ஒரே வருமானம் அறுந்துபோகும். ஆகவே தூரத்தில் ஒளிந்து பிழைப்பதா, அருகில் அஞ்சியபடி சம்பாதிப்பதா என்று அவள் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

மகன் இருந்தால் இன்னொரு கணக்கு. மத்திய அரசின் பழைய தங்குமிடத் திட்டமான சுவாதார் கிரேயின் விதிகளில் 8 வயதைத் தாண்டிய பையன் தாயோடு தங்க முடியாது. அவனைக் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும். எந்தத் தாய் அதற்குச் சம்மதிப்பாள்? 2022-இன் சக்தி சதன் திட்டம் அந்த வரம்பை 12 ஆக உயர்த்தியது. அதே திட்டம் மீட்கப்பட்ட பெண்களுக்கான உஜ்வாலா இல்லங்களையும் சுவாதார் கிரேயோடு இணைத்ததால், 1969-இன் கலப்புப் பட்டியல் மறுபடியும் ஒரே கூரைக்குள் வந்துவிட்டது.

வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஒருத்தி தங்கக்கூடியது 5 நாள். நடுவர் நீதிமன்றம் மனுவை முடிக்கச் சட்டம் சொல்வது 60 நாள். நடைமுறையில் அது நீளும். இடைப்பட்ட ஐம்பத்தைந்து நாளும், அதற்கு மேலும், பீடிக்கடைக்குப் போய்வரக்கூடிய தொலைவில், 12 வயதைத் தாண்டிய மகனோடும் தங்கக்கூடிய இல்லம் இம்மாவட்டத்துக்குத் தேவை. அதற்கான விதித்திருத்தம் இன்னும் எழுதப்பட வேண்டும்.