அரைச் சாண் ஆட்டம்

"அண்ணே, வலது பக்கத்து டை ராட் எண்ட் போயிருச்சு. இதை வச்சுக்கிட்டு மலையேறாதீங்க."

காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த மெக்கானிக் அண்ணன் அதைச் சொன்னது 1999 மே மாதம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். வத்தலக்குண்டில் அப்பா வாடகைக்கு அம்பாசிடர் ஓட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை கொடைக்கானலுக்கு ஒரு குடும்பம், குழந்தைகளோடு ஆறு பேர். அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது, செலவாகியும் விட்டது. ஸ்பேர் பார்ட்ஸ் கடை திங்கட்கிழமைதான் திறக்கும்.

"ஒரு ட்ரிப்புதானப்பா. போயிட்டு வந்துரலாம்ல?"

"வந்துரலாம்ணே. வர முடியாதுன்னு நான் சொல்லல. போகாதீங்கன்னுதான் சொல்றேன்."

டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இருக்கும் வித்தியாசம் அன்று எனக்குப் புரியவில்லை. அது புரிய இருபது வருடத்துக்கு மேல் ஆனது, கொஞ்சம் வரலாறும் படிக்க வேண்டியிருந்தது.

வண்டியை ஓடவைப்பதைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். திருப்புவதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. நம் மாட்டு வண்டிக்கு இரண்டே சக்கரம், அதில் ஸ்டியரிங் என்று தனியாக எதுவும் கிடையாது. மூக்கணாங்கயிற்றை இழுத்தால் மாடு திரும்பும், மாட்டின் பின்னால் வண்டி திரும்பும். தேய்வதற்கு இருப்பது அச்சும் குடமும் கடையாணியும்தான்.

சக்கரம் நான்கானதும் சிக்கல் ஆரம்பிக்கிறது. நம் ஊர்த் தேரைப் பாருங்கள். அச்சு இரண்டும் அசையாமல் பூட்டப்பட்டவை, நேராக மட்டும்தான் போகும். வீதி முனை வந்தால் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்துக் கொடுத்துத்தான் திருப்ப வேண்டும். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் நகரும் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று வேலை செய்கிறார்கள். காரியத்தைக் கெடுக்கிறவனை "முட்டுக்கட்டை போடுகிறான்" என்று நாம் திட்டுகிறோம். தேரோட்டத்தில் அதே முட்டுக்கட்டைதான் ஸ்டியரிங், அதேதான் பிரேக். அது இல்லாத தேர் வீடுகளுக்குள் புகுந்துவிடும்.

ஐரோப்பியக் குதிரை வண்டிகள் இதை வேறு மாதிரித் தீர்த்தன. முன் அச்சின் நடுவில் ஒரே ஒரு பெரிய முளை, அதைச் சுற்றி அச்சு முழுவதும் திரும்பும். ஆனால் வேகமாகவோ ஒடித்தோ திருப்பினால் ஒரு பக்கச் சக்கரம் வண்டியின் அடிக்குள் போய்விடும், தாங்குகிற அகலம் குறைந்து வண்டி கவிழும். 1816-ல் மியூனிக் நகரத்து வண்டித் தச்சர் கியார்க் லாங்கன்ஸ்பெர்கர் ஒரு வழி கண்டுபிடித்தார். அச்சு அசைய வேண்டாம், இரண்டு முனையிலும் சக்கரங்கள் மட்டும் தனித்தனி முளையில் திரும்பட்டும். வளைவில் உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம் போடுகிறது, வெளிச்சக்கரம் பெரிய வட்டம் போடுகிறது. அதனால் உள்பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் திரும்ப வேண்டும். அதற்கேற்ற மாதிரி இரண்டையும் கம்பியால் இணைத்துவிடலாம்.

லண்டனில் அவருக்காக இதற்கு 1818-ல் காப்புரிமை வாங்கியவர் ருடால்ஃப் ஆக்கர்மன். அவர் தச்சரல்ல, படங்களும் புத்தகங்களும் அச்சிட்டு விற்றவர். இன்றைக்கும் பாலிடெக்னிக் பாடப் புத்தகத்தில் அது 'ஆக்கர்மன் ஸ்டியரிங்'தான். கண்டுபிடித்தவர் பெயரை மெக்கானிக்கல் படித்த என் நண்பர்களுக்கே தெரியவில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. முன்பு நடுவில் இருந்தது கண்ணுக்குத் தெரிகிற ஒரே ஒரு பெரிய முளை. இப்போது அந்த இடத்தில் பல சின்ன மூட்டுகள் வந்துவிட்டன. ஒவ்வொரு மூட்டும் தேயக்கூடிய ஓர் இடம்.

கார்ல் பென்ஸ் 1886-ல் காப்புரிமை பெற்ற முதல் மோட்டார் வண்டிக்கு மூன்றே சக்கரம். முன்னால் ஒன்று மட்டும் இருந்தால் உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற கணக்கே வராதல்லவா? இரண்டு முன் சக்கரங்களைத் திருப்பும் ஏற்பாட்டுக்கு அவர் காப்புரிமை பெற 1893 ஆகிவிட்டது. அப்போதும் கையில் பிடிக்க இருந்தது வட்டமான ஸ்டியரிங் அல்ல, நெம்புகோல் மாதிரி ஒரு பிடி. 1894-ல் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த போட்டியில் ஆல்ஃபிரட் வாஷெரோன் என்பவர் தன் பன்ஹார்ட் வண்டியில் வட்டச் சக்கரத்தைப் பொருத்திக்கொண்டு வந்தார். சில வருடங்களில் எல்லோரும் அதற்கு மாறிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த மூட்டுதான் அன்று அப்பாவின் காரில் தேய்ந்திருந்தது. டை ராட் எண்ட் என்பது ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும் இரும்புக் குண்டு, நம் தோள் மூட்டைப் போல. உள்ளே கிரீஸ், மேலே ரப்பர் உறை. உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே வரும், மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். அதன்பின் ஒவ்வொரு திருப்பத்திலும் குண்டும் கிண்ணமும் ஒன்றையொன்று அரைக்கும். இடைவெளி கூடும். நாம் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கொஞ்ச தூரத்துக்குச் சக்கரம் திரும்பாது. இதைத்தான் ஒர்க்ஷாப்பில் "ப்ளே இருக்கு" என்பார்கள். இடைவெளி கிண்ணத்தின் வாயளவுக்கு வந்துவிட்டால் ஒருநாள் குண்டு கழன்று வெளியே வரும். பிறகு நம் கை சொல்வதை அந்தச் சக்கரம் கேட்காது.

இதில் மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. தேய்மானம் மெதுவாக வருகிறது, தினமும் ஓட்டுகிறவரின் கையும் அதோடு சேர்ந்து பழகிக்கொள்கிறது. இன்று ஒரு விரற்கடை கூடுதலாகத் திருப்புகிறோம் என்பது அந்தக் கைக்கே தெரியாது. வேறொருவர் உட்கார்ந்தால் முதல் தெருவிலேயே கண்டுபிடித்துவிடுவார். அந்த ஏப்ரலில் ஸ்டாண்டில் ஒரு மாமா அப்பாவின் காரை டீக்கடை வரை ஓட்டிவிட்டு வந்து, "என்ன மாப்ள, வண்டி ரோட்டுல கோலம் போடுது?" என்று கேட்டார். அப்பா சிரித்தார். அவருக்கு வண்டி நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது.

எவ்வளவு ஆட்டம் வரை சரி? இதற்குச் சட்டத்தில் ஓர் எண் இருக்கிறது. 1989-ஆம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி, ஸ்டியரிங்கில் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கிறது. 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்டியரிங்கின் விளிம்பில் 30 டிகிரி என்பது சுமார் பத்தரை சென்டிமீட்டர். கிட்டத்தட்ட அரைச் சாண். எனக்குத் தெரிந்த எந்த மெக்கானிக்கும் அவ்வளவு ஆடும் காரில் தன் பிள்ளையை ஏற்ற மாட்டார். அதே விதி, பால் ஜாயின்ட்டுகளுக்கு ரப்பர் உறை இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கிழிந்த உறையோடு ஓடிய அப்பாவின் வண்டி இந்த இரண்டாவது வரியிலேயே தோற்றிருக்கும்.

1988-ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவு இன்னும் நுட்பமானது. ஆபத்தான பழுது இருப்பது தெரிந்தே ஓட்டியவர் மட்டுமல்ல, சாதாரண அக்கறையோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலையில் ஓட்டியவரும் குற்றவாளிதான். "எனக்குத் தெரியாது" என்பது அங்கே பதிலாகாது, பார்த்தாயா என்பதுதான் கேள்வி. வாடகை வண்டிகளாவது எஃப்.சி.க்காக அவ்வப்போது அதிகாரி முன்னால் போய் நிற்கின்றன. சொந்தக் காரின் பதிவு பதினைந்து வருடம் செல்லும். அதுவரை அதன் அடியில் குனிந்து பார்க்கும் பொறுப்பு நம்முடையதுதான்.

பார்த்துவிட்டு முடிவெடுத்தவர்களும் உண்டு. 1888 ஆகஸ்டில் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களோடு மன்ஹெய்மிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹெய்முக்கு அந்த மூன்று சக்கர வண்டியில் கிளம்பினார். சுமார் நூறு கிலோமீட்டர். மேட்டிலும் பள்ளத்திலும் ஓடியதில் பிரேக் கட்டை தேய்ந்துபோனது. அவர் வண்டியை நிறுத்தி, ஒரு செருப்புத் தைப்பவரிடம் கட்டைக்குத் தோல் அடித்து வாங்கிக்கொண்டு போனார். இதைத் துணிச்சலின் கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது அவர் வண்டியை நிறுத்திய இடம்தான்.

பார்த்தும் கண்ணில் படாத பழுதுகளும் உண்டு. 1994 மே 1, இமோலா பந்தயத்தில் அயர்ட்டன் சென்னாவின் கார் தம்புரெல்லோ வளைவில் திரும்பாமல் நேராகப் போய்ச் சுவரில் மோதியது. ஓட்டுகிறவருக்கு இடம் போதவில்லை என்று ஸ்டியரிங் தண்டை வெட்டி, இடையில் மெல்லிய குழாய் வைத்து ஒட்டியிருந்தார்கள். விபத்துக்குப் பின் அது உடைந்து கிடந்தது, உலோகக் களைப்பின் விரிசலோடு. விபத்தில் உடைந்ததா, உடைந்ததால் விபத்தா என்று வருடக்கணக்கில் வழக்கு நடந்தது. தண்டு உடைந்ததே காரணம் என்று இத்தாலியின் உச்ச நீதிமன்றம் 2007-ல் சொன்னது. காலம் கடந்துவிட்டதால் யாரும் தண்டிக்கப்படவில்லை. காற்றழுத்தம் குறைந்த டயரால் காரின் அடிப்பகுதி தரையில் தட்டியதே காரணம் என்று வாதிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எது உண்மையானாலும் அந்த விரிசல் ஒரே நாளில் வந்ததல்ல. விரிசலோடு அந்தக் கார் எத்தனையோ சுற்றுகள் ஒழுங்காகத் திரும்பியிருக்கிறது.

அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமை போனார். இரவு ஒன்பதரைக்குத் திரும்பி வந்தார். வாடகைப் பணத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். திங்கட்கிழமை கடை திறந்தது. அவர் போகவில்லை. மலையேறி இறங்கியும் ஒன்றும் ஆகவில்லையே! சனிக்கிழமை பயமாக இருந்தது திங்கட்கிழமை ஆதாரமாக மாறிவிட்டது. சீசன் முடியட்டும் என்றார். இன்னும் நான்கு முறை கொடைக்கானல் போய் வந்தார்.

ஜூன் ஆரம்பத்தில் ஒரு மத்தியானம், ஸ்டாண்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம். இடது சக்கரம் நேராக இருக்க, வலது சக்கரம் மட்டும் வெளியே பார்த்துத் திரும்பி நின்றது. நடந்து போகும் வேகம்தான், யாருக்கும் அடியில்லை. மெக்கானிக் அண்ணன் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "நல்ல நேரம்ணே" என்று மட்டும் சொன்னார். புதுப் பார்ட்டின் விலை அந்த ஒரு ட்ரிப்பின் வாடகையில் கால்வாசிகூட இல்லை. அப்பா அன்று டீக்கடை பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்த ஆறு பேரைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதே இல்லை.

தேய்மானம் எல்லாம் ஒன்றல்ல. டயர் பஞ்சரானால் ஸ்டியரிங்கைப் பிடித்துச் சமாளிக்கலாம். கால் பிரேக் போனால் கை பிரேக் இருக்கிறது, கியரைக் குறைக்கலாம். சஸ்பென்ஷன் புஷ் தேய்ந்தால் பெரும்பாலும் பல நாள் சத்தம் போட்டுத்தான் கெடும். டை ராட் எண்ட் கழன்றால் அந்த வேலையைப் பார்க்க வேறு எதுவும் இல்லை. அதனால் "இன்னும் எவ்வளவு தூரம் ஓடும்?" என்ற கேள்வியே தப்பு என்று நினைக்கிறேன். போனால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும். மெக்கானிக் அண்ணன் அதைத்தான் சொன்னார். வர முடியுமா என்று அப்பா கேட்டார். போகலாமா என்ற கேள்விக்கு அவர் பதில் சொன்னார்.

போன மாதம் அம்மாவுக்கு மதுரையில் கண் ஆபரேஷன். முந்தின நாள் என் காரில் திருப்பும்போது ஒரு சத்தம். "அர்ஜென்ட் இல்ல சார், ரெண்டாயிரம் கிலோமீட்டர் தாராளமா ஓடும்" என்றார் ஒர்க்ஷாப் பையன். ராத்திரி ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைத் தூக்கினேன். கடிகாரத்தில் 9-ம் 3-ம் இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். மூட்டு தேய்ந்திருந்தால் அங்கேதான் தெரியும். அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"ஆடுதா?"

"லேசாத்தான்ப்பா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அஞ்சரை மணிக்கு ஒரு பஸ் இருக்கு" என்றார். "அம்மாவை ஜன்னலோரமா உட்கார வையி."